கயிற்றுக்கு இந்தப் பக்கம்

பஸ்தியாம்பிள்ளை காற்றுத் துப்பாக்கி வாங்கியது அணிலுக்காக. வேறு விதமாக நினைத்துவிடக் கூடாது. வெள்ளைக்காரர் ஊரான மோர்டனில் அவருடைய வீட்டுப் பின்வளவில் ஆசையாக நட்ட வெங்காயத்தை ஒரு சாம்பல் அணில் நாள் தவறாமல் கிளறிப் போட்டது. சொந்த வளவுக்குள் துப்பாக்கியோடு நிற்கலாம், குண்டு மட்டும் எல்லை தாண்டக் கூடாது என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான்.

எல்லை எது? அங்கேதான் சிக்கல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்ற பலகை வேலி மாசிக் காற்றில் விழுந்து கிடந்தது. விழுந்த இடத்தில் ஒரு முழ நிலம் தன்னுடையது என்றார் இவர். இல்லை, தன்னுடையது என்றார் பக்கத்து வீட்டுச் சென்னைக்காரர் நரசிம்மன்.

எல்லை தெரியாமல் எப்படிச் சுடுவது? பஸ்தியாம்பிள்ளை கயிறு பிடித்தார். யாழ்ப்பாணத்து மனிதர் பிடித்த கயிறு தன் பக்கம் குறையுமா? அந்த ஒரு முழத்தையும் சேர்த்தே கட்டினார். விடிந்து பார்த்தால் கயிறு இந்தப் பக்கம் வந்திருந்தது. திரும்பத் தள்ளிக் கட்டினார். திரும்பவும் வந்தது. கடைசியில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கயிற்றுக்கே காவல் நடக்கத் தொடங்கினார். அணில் தன் பாட்டுக்கு வெங்காயம் கிளறியது.

"இஞ்சருங்கோ, அதை உள்ளுக்குக் கொண்டு போய் வையுங்கோ. சனம் பாக்குது," என்றார் மனைவி செல்வமலர்.

"என்ர வளவுக்கை நான் என்னத்தையும் தோளிலை போடுவன். நீர் தேத்தண்ணியைப் போடும்."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கயிறு அசையவே இல்லை. துப்பாக்கிக்குப் பயந்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரே புளுகம், நிலைகொள்ளாத சந்தோஷம். கதிரையை அந்த ஒரு முழத்திலேயே போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்துத் தேத்தண்ணி குடித்தார்.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் வந்தது.

துப்பாக்கியைப் புல்லில் வைக்கச் சொன்ன பொலிஸ்காரி கதிரையையும் கயிற்றையும் புதினமாகப் பார்த்தாள். சொந்த நிலம் என்றால் குற்றமில்லை, அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் துப்பாக்கியோடு இருந்தால் பிடித்து மறியலில் அடைக்கவும் கூடும் என்று விளக்கினாள். பிறகு, இந்தக் கதிரை நிற்பது யாருடைய நிலம் என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற நரசிம்மனைக் கேட்டாள்.

பஸ்தியாம்பிள்ளை நரசிம்மனின் வாயையே பார்த்தார். என்னுடையது என்று அந்த மனிதர் ஒரு சொல் சொன்னால் காணியும் போகும், இவரும் போவார். செல்வமலர் மாதாவைக் கூப்பிட்டார்.

நரசிம்மன் கயிற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"அது சாரோட நிலம்தாங்க. கயிறு வரைக்கும். வேணும்னா எழுதியே தரேன்."

எழுதியும் கொடுத்தார். இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, துப்பாக்கியை உள்ளே வைக்கும்படி சொல்லிவிட்டுப் பொலிஸ் போனது. பஸ்தியாம்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, உம்மை நான் பிழையா நினைச்சுப் போட்டன்."

அதெல்லாம் பரவாயில்லை என்று நரசிம்மன் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

பஸ்தியாம்பிள்ளைக்கு மனம் கேட்கவில்லை. பின்னேரம் ஒரு தட்டு நிறைய வடையோடு போய்க் கதவைத் தட்டினார். நரசிம்மனின் மனைவி கல்யாணி, சூதுவாது தெரியாத பிள்ளை, முகம் மலர வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தாண்ணா அவர் நிம்மதியாத் தூங்குறாரு. ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுக்குப் போயிருந்தப்ப தோட்ட வேலை தெரிஞ்ச ஒருத்தர் வந்து பாத்துட்டு, அந்த ஒரு முழத்துல ஜப்பான் களை வேர் விட்டிருக்கு, விட்டா வீட்டையே பிளந்துடும், யாரு நிலமோ அவங்கதான் ஆயிரக்கணக்குல செலவு பண்ணித் தோண்டி எடுக்கணும்னு சொல்லிட்டாரு. அதான் சாட்சிக்கு இருக்கட்டும்னு போலீஸைக் கூப்பிட்டோம்."