டாலருக்கு இரண்டு டிக்கெட்

இந்த வயதுவரை ஒரு டாலர் நோட்டைக்கூட நான் கையால் தொட்டதில்லை. ஆனால் டாலரை வைத்து ஒரு வீட்டை இடித்திருக்கிறேன். அதுவும் கட்டி முடிப்பதற்கு முன்பே. (எல்லோராலும் இப்படி இடிக்க முடியாது. தனித் திறமை வேண்டும்.)

வீடு என் நாத்தனார் புஷ்பத்துடையது. எங்கள் அந்தமான் தீவில், ஹட் பேயில், செம்பனைத் தோட்ட வேலை நின்றுபோனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். பிள்ளைகுட்டி இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியும் தையல் மிஷினுமாக எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து, "கொஞ்ச நாளைக்குத்தான் மதினி" என்றாள். அது பல வருஷமாகிவிட்டது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. மேட்டில் ஒரு துண்டு நிலம் வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிட்டாள். கூரைக்கும் ஜன்னலுக்கும் வேண்டிய காசு போர்ட் பிளேரில் ஒரு பேங்கில் கிடந்தது. சாயங்காலமானால் என்னை அங்கே கூட்டிப்போய், "இது அடுப்படி, இது வாசல்" என்று காட்டுவாள். நானும் இல்லாத வாசலில் தலை இடித்துவிடாமல் குனிந்து நுழைவேன்.

நாங்கள் இருவரும் சேர்ந்து தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்றோம். ஆட்டுவது நான். எழுத்து வேலை அவள், பத்தாவது பாஸ். நான் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷில் கையெழுத்து மட்டும். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் போட்டது கலெக்டர் என்றுதான் நினைப்பீர்கள். அடியில் இரண்டு சுழி, ஒரு கோடு, முடிவில் ஒரு புள்ளி.

சிங்கப்பூரில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு எங்கள் எண்ணெய் பிடித்துப்போனது. டாலரில் காசு தருவார்கள், சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு. முதல் தடவை விலை பேசும்போது டாலர் உச்சியில் இருந்தது. காசு வந்தபோது இறங்கிவிட்டது. எங்கள் லாபம் நடுக்கடலிலேயே கரைந்துவிட்டது. இரண்டாவது ஆர்டர் பெரிசு. ஏற்றுமதி பார்க்கும் ஏஜெண்டு சொன்னார்:

"பெரிய கம்பெனிக்காரங்க இப்படி ஏமாற மாட்டாங்கம்மா. மூணு மாசம் கழிச்சு வரப்போற டாலருக்கு இன்னைக்கே பேங்க்ல விலையைப் பூட்டிருவாங்க. அப்புறம் அது ஏறினா என்ன, எறங்கினா என்ன."

புஷ்பம் யோசித்தாள். "மதினி, பாதிக்கு மட்டும் பூட்டுவோமா? மீதிப் பாதி அன்னைக்கு என்ன விலையோ அதுக்குப் போகட்டும்."

"பாதிக் கதவைப் பூட்டிட்டு எவளாவது தூங்குவாளா?" என்றேன். (மகளிர் குழுவுக்கு நான்தான் தலைவி. தலைவி பாதியாகப் பேசக்கூடாது.)

கப்பலேறி போர்ட் பிளேர் போனோம். முதல் பேங்கில் ஆர்டர் தாளைக் காட்டி விலையைப் பூட்டினோம். அங்கே கொடுத்த படிவத்தைப் புஷ்பம் விரல் வைத்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது பாராவில் நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"போதும்டி. இவ்வளவு எழுதலேன்னா இவங்களுக்குச் சம்பளம் குடுக்க மாட்டாங்க. அதுக்காக நாம படிக்கணுமா?"

கையெழுத்துப் போட்டேன். இரண்டு சுழி, கோடு, புள்ளி.

இதோடு ஊர் திரும்பியிருந்தால் நான் இன்றைக்குத் தலைநிமிர்ந்து நடக்கலாம். புஷ்பம் திரும்பும் டிக்கெட்டுக்காக வரிசையில் நிற்கப் போனாள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தீவில் அவசரமாகப் போக வேண்டியவர்கள் ஒரு டிக்கெட்டை நம்ப மாட்டார்கள். காற்று அடித்தால் கப்பல் நிற்கும். வி.ஐ.பி. வந்தால் ஹெலிகாப்டரில் இடம் போகும். ஆகவே இரண்டிலும் இடம் பிடித்து வைப்போம். எது வருகிறதோ அதில் ஏறிவிட்டு, மற்றதைக் கேன்சல் செய்வோம். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். டாலருக்கும் அப்படியே செய்தால் என்ன? ஒரு பேங்கு கைவிட்டால் இன்னொன்று இருக்கும் அல்லவா?

நேரே புஷ்பத்தின் வீட்டுக் காசு இருந்த பேங்குக்குப் போனேன். அந்த டெபாசிட் எங்கள் எண்ணெய்க் கம்பெனி பேரில் இருந்தது. இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் செல்லும். அதே ஆர்டர் தாளின் ஜெராக்ஸைக் காட்டி, அதே டாலருக்கு இன்னொரு முறை விலை பூட்டச் சொன்னேன். ஜாமீனுக்கு டெபாசிட்டைக் காட்டினேன். ஆபீசர் சின்ன வயது, மரியாதைக்காரர்.

"மாதாஜி, பட்கே சுனாதூ?" என்றார்.

எனக்குப் படித்துக் காட்டுகிறாராம்! "ஜரூரத் நஹி" என்றேன். தேவையில்லை என்று சொன்ன அந்தத் தோரணைக்கு ஒரு மெடல் கொடுக்கலாம். அந்தத் தாளில்தான், இந்த ஆர்டரை வைத்து வேறெந்த பேங்கிலும் விலை பூட்டவில்லை என்று நான் உறுதி சொல்வதாக எழுதியிருந்தது.

புஷ்பத்திடம் சொல்லவில்லை. கடைசியில் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

அடுத்த மூன்று மாதமும் டாலர் ஏறிக்கொண்டே போனது. டிவியில் தினமும் சொன்னார்கள். டாலர் ஏறினால் டாலர் வரவேண்டியவளுக்கு லாபம்தானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பெங்காலி அம்மாள் இரண்டாவது தடவை கிண்ணத்தை நீட்டியபோது, "டாலர் இன்னும் ஏறும், இன்னும் வரும்" என்றேன். நான் கேசரி கிண்டிய ஒவ்வொரு நாளும் புஷ்பத்தின் கூரையிலிருந்து ஒரு தகரம் கழன்றுகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

காசு வந்தது. முதல் பேங்கு சொன்ன விலைக்கு ஒழுங்காக எடுத்துக்கொண்டது. பிறகு புஷ்பத்தை அழைத்துக்கொண்டு மற்ற பேங்குக்குப் போய், "கேன்சல்" என்றேன், கப்பல் கவுண்டரில் சொல்வதுபோலவே.

ஆபீசர் என்னையே பார்த்தார். மெதுவாக இந்தியில் விளக்கினார். பழைய விலைக்கு டாலர் தருகிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இப்போது தர உங்களிடம் டாலர் இல்லை. அதை இன்றைய விலைக்கு நாங்கள் வாங்கியாக வேண்டும். நடுவில் உள்ள வித்தியாசம் உங்களுடையது.

"என்கிட்ட இல்லாத டாலருக்கு எனக்கு எப்படிய்யா நஷ்டம் வரும்?"

"இல்லாததால்தான் மாதாஜி."

டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று தாளை நீட்டினார். புஷ்பம் அதை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். கடைசி வரிவரைக்கும் படித்தாள். அன்று நான் அவள் கையைத் தட்டிவிடவில்லை. அடியில் இருந்த கையெழுத்தில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

கூரை போனது. ஜன்னலும் போனது. கதவுக்கு மட்டும் ஏதோ மிச்சம் இருந்தது.

ஹட் பே கப்பல் துறையில் இறங்கியபோது என் வீட்டுக்காரர், அவளுடைய அண்ணன், குடையோடு நின்றிருந்தார். பேங்கில் விஷயம் கேள்விப்பட்டு ஏஜெண்டு போன் செய்திருக்கிறார். "எவ செஞ்ச வேலை இது?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினார். நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, டிக்கெட்டைத் தேடுவதுபோல் பையைக் கிளறினேன்.

"நான்தாண்ணே" என்றாள் புஷ்பம். "கப்பல் டிக்கெட்டு மாதிரின்னு நெனைச்சு ரெண்டு பேங்க்ல போட்டுட்டேன்."

அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு தன்னையறியாமல் சிரித்துவிட்டார். துறையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கூலிக்காரர் ஒருவர், "அக்கா, டாலர் கவுண்டர்ல கியூ பெரிசா?" என்று கேட்டார். புஷ்பமும் சிரித்தாள். நான் பையைத் தூக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போது, "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"அண்ணன் உன்னைத் திட்டினா நீ ரெண்டு நாள் சமைக்க மாட்ட மதினி. எனக்குப் பசிக்கும்ல" என்றாள். தட்டை நீட்டி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.

அதற்குப் பிறகு மேட்டுக்கு அவள் என்னைக் கூட்டிப்போகவில்லை. தானும் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் டாலர் கதையை அவளே சொல்லுவாள், நடித்தும் காட்டுவாள். என் தோரணையை, என் 'ஜரூரத் நஹி'யை, தன்னுடையதாக்கிச் சொல்லுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் எழுந்து காப்பி போடப் போய்விடுவேன். சொல்லியிருக்கலாம். ஆனால் குழுவில் நாற்பது பெண்கள் என்னைத் தலைவி என்கிறார்களே.

போன மழைக்காலத்தில் புஷ்பம், எங்கள் பின்னறையிலேயே, நெஞ்சுவலியில் போனாள். பதினாறாம் நாள் பந்தியில் என் மகன் அந்தக் கதையை எடுத்தான். அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைக் கொன்றால் தகும்.

எல்லோரும் போன பிறகு மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "அது அத்தை இல்லடா. நான். அவ வீட்டை அழிச்சது நான்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"போம்மா. செத்தவங்க மேல பழி இருக்கக் கூடாதுன்னு நீ தலையில தூக்கிப் போட்டுக்கிறியா?"

மருமகளிடம் சொன்னான். அவள் தெருவுக்குச் சொன்னாள். இப்போது அந்தக் கதைக்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. நாத்தனார் பண்ணின தப்பைத் தன் தப்பு என்று சொல்கிற மதினி இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பாள் என்று முடிக்கிறார்கள். நான் மறுக்க மறுக்க என் பெருமை ஏறிக்கொண்டே போகிறது.