ரைட்டண்ணாவின் கம்பி விமானம்

தமிழ்நாட்டில் தலை சுற்றாமல் தொடர்ந்து ஐம்பது சுற்று சுற்றக்கூடிய மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் உத்திரமேரூரில் இருக்கிறார். சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊரில் அவரை ரைட்டு என்பார்கள். "ரைட்டு, போலாம்" என்று அவர் கொடுக்கும் குரலில் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர்கள் பையைத் தூக்கிவிடுவார்கள். அதனால் வந்த பெயர். ஆகாய விமானத்துக்கும் அந்தப் பெயருக்கும் நீங்கள் முடிச்சுப் போட்டால் அது உங்கள் பொது அறிவு. ஊருக்கு அதெல்லாம் தெரியாது.

நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவன். எனக்கு ஒரு ரேடியோ கன்ட்ரோல் விமானம் இருந்தது. நானே எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. நீல நிறம். வெளியூர் கல்லூரி ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் என் மகள் பெயிண்ட் அடித்து, இறக்கையில் தன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதை முதன்முதலாகப் பறக்கவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோடையில் வற்றிக் கிடந்த ஏரிக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே ஒருவர் நின்று கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தார்.

கையில் ஒரு பிடி. அதிலிருந்து ஐம்பதடி நீளத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். கம்பிகளின் மறுமுனையில் ஒரு சிவப்பு விமானம் காது கிழியும் சத்தத்தோடு அவரைச் சுற்றி வட்டமடித்தது. பிடியை மேலே சாய்த்தால் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். அவ்வளவுதான். எண்ணெய் தீரும்வரை நிறுத்தவும் முடியாது. எண்ணெய் தீர்ந்தது. விமானம் இறங்கியது. அவர் நேர்க்கோட்டில் நடந்து என்னிடம் வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"இன்னா சார், ரிமோட்டு மட்டும் எடுத்துக்கினு வந்துகீறீங்க. டிவி எங்க?"

அன்று தொடங்கிய வாக்குவாதம் இரண்டு வருஷம் நடந்தது.

"உங்க வண்டி செக்குமாடு மாதிரி ஒரே எடத்துல சுத்துதே, ரைட்டண்ணா. எங்கயாவது போயிருக்கா?"

"எங்கியும் போவாது சார். எங்க வளைஞ்சாலும் பொறப்பட்ட எடத்துக்கே வந்துடும், டவுன் பஸ்ஸு மாதிரி. அது இன்னா நெனைக்குதுன்னு கம்பில தெரியும். உங்களுது லெட்டர் போட்டுட்டு பதிலுக்குக் காத்துகினு கீற மாதிரி."

ஒருநாள் பிடியை என் கையில் கொடுத்தார். நான் படித்தவன், காற்றின் அழுத்தம் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதியவன். ஆறாவது சுற்றில் ஏரிக்கரை என் தலைக்கு மேலே போனது. கண் திறந்தபோது மல்லாந்து கிடந்தேன். விமானம் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டிருந்தது. ரைட்டு குனிந்து என்னைப் பார்த்து, "ஸ்டாப்பிங் வந்துடுச்சா சார்?" என்றார்.

பதிலுக்கு நான் ரிமோட்டை அவரிடம் கொடுத்தேன். விமானம் விலகிப் போகும்வரை பிரமாதமாக ஓட்டினார். அது திரும்பி அவரை நோக்கி வரும்போதுதான் சிக்கல். எதிரே வருகிற விமானத்துக்கு நம் வலதுதான் இடது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, விமானம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ தானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது. அப்படித் திரும்பினால் விமானம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. கழுத்தை வளைத்து அதைப் பார்த்தபடியே நடந்து நேராக ஒரு பனைமரத்தில் முட்டினார். "பஸ்ஸு பேக்ல வந்தா விசில் குடுப்போம் சார். இது ஒண்ணியும் குடுக்கல," என்று நெற்றியைத் தடவிக்கொண்டார்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு. காற்று பலமாக இருந்தது. "இன்னிக்கி வாணாம் சார், காத்து சரியில்ல," என்றார். "காற்றைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்" என்ற முகத்தோடு நான் ஏற்றினேன். விமானம் ஏரிக்கரையைத் தாண்டியது, பனைகளைத் தாண்டியது. ரிமோட்டின் எந்தக் குச்சியை அசைத்தும் பலனில்லை. நீலப் புள்ளியாகி, வானத்தின் நீலத்தில் காணாமல் போனது.

இரண்டு வருஷ வாக்குவாதத்துக்கும் இதோ தீர்ப்பு வந்துவிட்டது, இனி இந்த மனிதர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "கெழக்கால போயிக்கீது. நம்ம ரூட்டுதான்," என்றார். சாயங்காலம்வரை இருவரும் கரம்பிலும் முள்ளிலும் அலைந்து வெறுங்கையோடு திரும்பினோம். மகளிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் அவளுடைய போனை இரண்டு முறை எடுக்காமல் விட்டேன்.

திங்கட்கிழமை என் மாணவன் ஒருவன் வந்து சொன்னான். காலை டவுன் பஸ்ஸில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசில் கொடுப்பதற்கு முன் கண்டக்டர் அறிவிப்புச் செய்கிறாராம்.

"நீலக் கலர் ஏரோப்ளேனு. யாருனா பாத்தீங்களா?"

கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டாராம், "உள்ள எத்தினி பேரு இருந்தாங்கோ?"

"யாரும் இல்லம்மா. காலி வண்டி."

செவ்வாய்க்கிழமை சாலவாக்கம் டீக்கடையில் விமானம் விழுந்துவிட்டதாகப் பேச்சு. புதன்கிழமை அது தீப்பிடித்துவிட்டது. வியாழக்கிழமை ஒரு போலீஸ்காரர் பாலிடெக்னிக்குக்கே வந்து, "காணாமப் போன ப்ளேன் உங்களுதா சார்? பைலட்டு யாரு?" என்றார். பைலட் நான்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, "அடி எதுனா பட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி ரைட்டு போன் செய்தார். போனேன். சாலவாக்கம் பஸ் வந்து நின்றது. முன்சீட்டில், ஜன்னலோரம், என் விமானம் உட்கார்ந்திருந்தது. அதற்கு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்திருந்தார். நெரிசலில் நின்றுகொண்டு வந்தவர்களில் ஒருவர்கூட அந்த சீட்டைக் கேட்கவில்லையாம்.

"ஒரு கல்லாக்கா கொல்லியில கெடந்துச்சு சார். கொல்லக்காரரு காக்கா வெரட்ட கம்புல கட்டி வெச்சிருந்தாரு. கேட்டேன், குடுத்துட்டாரு," என்றார். கல்லாக்கா என்றால் அவர் பேச்சில் வேர்க்கடலை.

அடுத்த ஞாயிறு அவர் ஏரிக்கு வெறுங்கையோடு வந்தார். எஞ்சின் ரிப்பேராம். அதற்கடுத்த ஞாயிறும் வெறுங்கை. என் விமானத்தைத் துடைத்துக் கொடுத்தார், ஓடிப்போய் எடுத்துவந்தார். மூன்றாவது ஞாயிறு எனக்குக் கொஞ்சம் கர்வமே வந்துவிட்டது. "கம்பிய விட்டுட்டு நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க போல," என்றேன். "அப்டிதான் வெச்சுக்கோங்க சார்," என்றார்.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காக சாலவாக்கம் பக்கம் பைக்கில் போனேன். வழியில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையின் நடுவே, உயரமான கம்பில், ஒரு சிவப்பு விமானம். எஞ்சின் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. எஃகுக் கம்பியால் கட்டியிருந்ததால் காற்று அடிக்கும்போதெல்லாம் கம்பைச் சுற்றி அரை வட்டம் போட்டது. கொல்லைக்காரர் வரப்பில் நின்றிருந்தார்.

"இது யாரு குடுத்தது?" என்று கேட்டேன்.

"நம்ம கண்டக்டருதான். மொதல்ல ஒரு நீலக் கலரு வந்து வியுந்துச்சு. அத்த நான் தர மாட்டேன்னுட்டேன், காக்கா ஒண்ணு கிட்ட வர்ல பாருங்க. அதுல யாரோ பொண்ணு பேரு எய்தியிருக்குது, அவங்க நைனா நாலு நாளா சரியாவே இல்லன்னாரு. மறுநாளே இத்தக் கொண்டாந்து கட்டிட்டு, அத்தத் தூக்கிக்கினு போய்ட்டாரு. இதுவும் நல்லாத்தான் கீது."

ஞாயிற்றுக்கிழமை நான் ஏரிக்குப் போகவில்லை. சென்னைக்குப் போய் வாங்கிவந்த இலேசான மரப்பலகைகள், பசை, ஒரு சுருள் எஃகுக் கம்பி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ரைட்டு வீட்டுக்குப் போனேன். கீழே வைத்தேன். அவர் பலகையை எடுத்தார். முகர்ந்தார். லேசாக வளைத்துப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார் இதெல்லாம்?"

"கடலைக் கொல்லை வழியா போனேன்," என்றேன்.

அவர் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு உள்ளே பார்த்து, "இந்தா, சாரு இன்னிக்கி நம்ம வூட்லதான் சாப்டுவாரு," என்றார்.

அன்றைக்கென்று பார்த்து அந்த வீட்டுக் குழம்பில் உப்பே இல்லை. நான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.