வராதவர்களின் பங்கு

மகள் கல்யாணம் முடிந்து இரண்டு நாளாகியும் சண்முகவடிவின் முன்னறையில் கால் வைக்க இடமில்லை. இரண்டு மூடை அரிசி, ஒரு பெட்டி அப்பளம், 'வினோதா – துஷாந்த்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த இருநூறு தாம்பூலப் பைகள், மண்டப வாசலில் கட்டிய பதினைந்தடி பேனர், எல்லாம் அங்கேதான் கிடந்தன.

இவ்வளவும் மிஞ்சியதற்குக் காரணம் பட்டிப்பொலச் சனம். அவள் கணவர் செல்லசாமியின் சொந்தபந்தம். முதல் பத்திரிகையை அவர்களுக்கே வைத்து நேரில் போய் அழைத்தும் ஹட்டன் மண்டபத்துக்கு ஒருத்தர்கூட வரவில்லை.

"பொறாமைங்க. நம்ம பொண்ணுக்கு பேங்க் மாப்பிள்ளை கிடைச்சது உங்க தங்கச்சிக்குப் பொறுக்கல," என்றாள் கணவரிடம்.

"என்ன ஏதுன்னு போன்ல ஒரு கோல் எடுத்துக் கேக்கவா?"

"எடுங்க. அப்படியே அங்க போயி இருந்துக்குங்க."

செல்லசாமி முப்பது வருசம் கணக்கப்பிள்ளையாக இருந்து தேயிலைத் தோட்டத்தையே அதட்டியவர். அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பட்டிப்பொல நம்பர்களையெல்லாம் சண்முகவடிவு ஏற்கெனவே ப்ளொக் பண்ணியிருந்தாள், அவர் போனிலும் சேர்த்து.

"லயத்து வீடுகள்ல நாலு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்துடலாமே?"

"சும்மா கொடுத்தா மிஞ்சிப்போச்சுன்னு சிரிப்பாங்க. தர்மம்னு சொல்லிக் கொடுக்கணும்."

முதல் தர்மம் கோயிலுக்கு. செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு விபூதி போட்டுக் கொடுக்கத் தாம்பூலப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். கோயில் செயலாளர் ஜீவராஜ் ஒரு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சாமி பிரசாதத்துல மாப்பிள்ளை பேரு எதுக்குங்கக்கா?"

அங்கேயே உட்கார்ந்து இருநூறு பைகளிலும் பேரைக் கறுப்பு மையால் அழித்தாள். வட்டவளைத் தோட்டத்து மழைக்கு அந்த மை பத்து நிமிசம்கூடத் தாங்கவில்லை. பைக்குள் இறங்கி விபூதியோடு கலந்தது. பூசைக்கு வந்தவர்கள் நெற்றியில் மூன்று கறுப்புக் கோட்டோடு வீடு திரும்பினார்கள். தேய்த்தும் போகவில்லை. மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் அத்தனை கறுப்பு நெற்றிகளையும் பார்த்த தோட்டத்துத் துரை, இது என்ன புதுப் போராட்டம் என்று விசாரித்தாராம்.

"கடைக்காரன் மட்டமான மையைக் கொடுத்துட்டான்," என்றாள் சண்முகவடிவு. கெட்ட பேரைத் துடைக்க அடுத்த தர்மத்தில் இறங்கினாள்.

வியாழக்கிழமை லயத்து ராக்காயியின் புருசன் அழகுமுத்துவுக்குக் கருமாதி. ஒரு மூடை அரிசியை அனுப்பினாள். மழைக்கு மறைப்பாக இருக்கட்டும் என்று பேனரையும் அனுப்பி, தானே நின்று வாசலில் கட்டவைத்தாள். அழுதுகொண்டிருந்த ராக்காயி மூக்கைச் சிந்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே வினோதாவும் துஷாந்தும் பல் தெரியச் சிரித்தார்கள். பக்கத்தில் 'இந்நன்னாளில் வருக வருக' என்று எழுதியிருந்தது.

"என் புருசன் செத்த வீட்டுல இது என்னங்க நன்னாளு?"

"சத்தம் போடாத. திருப்பிக் கட்டினா முடிஞ்சுபோச்சு."

அவசரத்தில் திருப்பிக் கட்டியதில் ஒரு பக்கம் கயிறு தளர்ந்துவிட்டது. மழைத் தண்ணி நடுவில் குளம்போலத் தேங்கியது. படையல் போட்டு எல்லாரும் கும்பிட்ட நேரம் பார்த்துப் பேனர் மொத்தமாக இறங்கியது. சோறு, கறி, குத்துவிளக்கு, மொட்டை போட்ட மகன் எல்லாம் அடியில். மேலே புது மாப்பிள்ளையும் பொண்ணும் சிரித்தபடி படுத்திருந்தார்கள்.

"உங்க வீட்டு மிச்சத்தைக் கொட்ட என் வீடுதானா கிடைச்சுச்சு?" என்றாள் ராக்காயி. நனைந்திருந்த அத்தனை பேரும் அதையே முகத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அந்தப் பார்வைக்குப் பரிகாரமாகச் சனிக்கிழமை நாலு லயத்துச் சனத்துக்கும் சண்முகவடிவு ஆக்கிப்போட வேண்டியதாயிற்று. இரண்டாவது மூடையும் காலியானது. அப்பளம் கடைசி ஒன்றுவரை போனது. முதலில் தேதி தப்பாக அச்சாகி ஒதுக்கிவைத்த பத்திரிகைக் கட்டும் அடுப்பெரிக்கப் போனது. உப்பு இல்லை என்று ராக்காயி மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னறை வெறுமையாக, நிம்மதியாக இருந்தது. சண்முகவடிவு தேத்தண்ணியோடு உட்கார்ந்தபோது வாசலில் இரண்டு பஸ்கள் வந்து நின்றன. பட்டுச் சேலையும் வேட்டியுமாக நூறு, நூற்றிருபது பேர் இறங்கினார்கள். எல்லார் கையிலும் பரிசுப் பொதி. முன்னால் நாத்தனார் மீனம்மா.

"பாத்தீங்களா," என்றாள் கணவரிடம். "மனசு உறுத்தி மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க. நீங்க வாயைத் திறக்காதீங்க."

ஒரு வாரமாக நெஞ்சுக்குள் எழுதிவைத்திருந்ததை நிலைப்படியில் நின்று ஒப்பித்தாள்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும். உங்க லட்சணம் என்னன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு ஆக்கிப்போட இந்த வீட்டுல ஒரு பிடி அரிசி கிடையாது."

மீனம்மா ஒன்றும் புரியாமல் அண்ணனைப் பார்த்தாள், தோரணம் இல்லாத வாசலைப் பார்த்தாள், பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சாப்பாடு கிடக்கட்டுங்க அண்ணி, எங்களுக்கு வச்ச பத்திரிகையில இன்னிக்குத் தேதிதானே போட்டிருக்கு, ஹட்டன்ல மண்டபம் பூட்டிக் கிடக்கே, கல்யாணம் எங்க வச்சிருக்கீங்க?"