மூன்று விருந்தும் ஒரு டப்பா அல்வாவும்

பஸ் வந்து நின்றதும் மக்காமே எட்டி எட்டிப் பார்த்தார்.

"உன் வேலையைச் சோதிக்க டார் எஸ் சலாமிலிருந்து ஒருத்தர் வர்றார். வெள்ளைச் சட்டை, தோல் பை. தான் ஆபீசர்னு வாயத் திறக்கமாட்டார், நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. நல்ல மார்க் போட்டா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா திங்கக்கிழமை வராதே" என்று மேலதிகாரி நேற்றே சொல்லிவிட்டார்.

கடலோர ஊரான தாங்காவுக்கு வரும் விருந்தாளிகளுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை. இதுவும் போனால் கற்றாழை நார் மண்டியில் மைத்துனனுக்குக் கீழே மூட்டை தூக்க வேண்டியதுதான். அந்தப் பயல் போன பெருநாளிலேயே, "மூட்டை இழுக்க உனக்கு ஒரு கொக்கி எடுத்து வெச்சிருக்கேன் மச்சான்" என்று பல்லைக் காட்டினான்.

இறங்கிய கூட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, தோல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாரையோ தேடி விழித்தது. மக்காமே பாய்ந்தார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. அதிகாரியின் உத்தரவு இருக்கட்டும். வந்தவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்பவனைத் தாங்காவில் மனுசனாகவே மதிக்க மாட்டார்கள். அதனால் உடம்பு எப்படி, வீடு எப்படி, அம்மா எப்படி, ஆடு எப்படி என்று ஐந்து நிமிஷம் விசாரித்தார். ஆடு உட்பட எல்லோரும் நலம். பெயர் சிராஜி என்பது மட்டும் தெரிந்தது.

"ஐயா, நீங்கதான் என்னை அழைச்சிட்டுப் போக..."

"நான்தான், நானேதான்! வாங்க!"

"ஏய் மக்காமே, கொஞ்சம் நில்லு!" என்று கத்தினாள் பஸ் நிலையத்தில் டீ விற்கும் ரிசிக்கி அக்கா. "இங்க பாரு, மீன் ஏலக்கார ஷெகூவே..."

ஷெகூவே யாரையோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் யாரையாவது ஏற்றாத நாள் உண்டா? மக்காமே நிற்கவில்லை.

முதலில் படகு, தோட்டன் தீவு. கடற்கரைக்குப் போனால் கடலைக் காணோம். தண்ணீர் வற்றி, படகு சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. கடலோரத்தில் பிறந்தவருக்கு நீர் ஏறுவதும் இறங்குவதும் தெரியாதா? தெரியும். பயத்தில் எல்லாம் மறந்துபோனது.

"எப்படா தண்ணி வரும்?" என்று படகுக்காரரிடம் பல்லைக் கடித்தார்.

"அது வர்றப்ப வரும். காரிபு, உக்காருங்க, சாப்பிடலாம்!"

உண்பவர் 'காரிபு' என்றழைத்தால் உட்கார வேண்டும், அதற்கு மேல் பேச்சில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளிக்கிழங்கும் ஆக்டோபஸும் ஒரு தாம்பாளம். சிராஜி வியர்க்க வியர்க்க உண்டு முடித்தார்.

"இன்னும் கொஞ்சம்?"

"நீங்க சொன்னா... சரிங்கய்யா."

எவ்வளவு பணிவு! இப்படித்தான் ஆளை ஆழம் பார்ப்பார்கள் என்று மக்காமே இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விட்ட நேரத்தைப் பிடிக்க ஆட்டோவில் அம்போனி குகைக்கு ஓடினார்கள். உள்ளே நூறு அடி போனதும் டார்ச் செத்தது. தலைக்கு மேல் வௌவால்கள் படபடத்தன.

"ஐயா," என்றது இருட்டில் நடுங்கிய குரல், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

போச்சு! டார்ச்சுக்கு ஏன் மாற்று பேட்டரி இல்லை என்று கேட்கப் போகிறார். "கேக்கவே வேணாம்! எல்லாம் நல்லபடியா முடியும்!" என்று அவசரமாகச் சொன்னார் மக்காமே.

"முடியுமா? நெசமாவா?" அந்தக் குரலில் தெரிந்த சந்தோஷம் மக்காமேவுக்குப் புரியவே இல்லை.

குகைக் காவலாளிதான் விளக்கோடு வந்து மீட்டார். மீட்டவர் சும்மா விடுவாரா? "காரிபு!" அவர் வீட்டில் பிலாவுச் சோறு. சிராஜி பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார்.

இனி எவர் கண்ணிலும் படக்கூடாதென்று மக்காமே சந்து சந்தாகக் கூட்டிப்போனார். கடைசிச் சந்தை அடைத்துப் பந்தல் போட்டிருந்தது. கல்யாண வீடு. இருவரையும் தோளைப் பிடித்து அமுக்கிப் பிரியாணித் தாம்பாளத்தின் முன் உட்கார வைத்தார்கள்.

"பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் கொடுத்து வெச்சவங்க" என்றார் சிராஜி, கண்கலங்கி. காரம் போலும் என்று மக்காமே தண்ணீரை நகர்த்தினார்.

சீரணத்துக்கு நல்லதென்று வெந்நீர் ஊற்றுக்கு அழைத்துப்போனது கடைசித் தப்பு. கந்தக நாற்றம் மூக்கில் ஏறியதும் மூன்று விருந்தும் சிராஜியின் தொண்டைவரை வந்துவிட்டன. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பாறையில் சாய்ந்தார். அந்த நிலையிலும், "ரொம்ப அருமையான இடம்" என்று முனகினார்.

"எங்க ஊர் பிடிச்சிருக்கா?" என்று மெல்லக் கேட்டார் மக்காமே.

"கடைசிவரைக்கும் இங்கயே இருந்துடலாம் போலிருக்கு ஐயா."

மக்காமேவுக்கு மைத்துனனின் கொக்கி தூரத்தில் போய் மறைவது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துச் சிராஜி தோல் பையைத் திறந்தார். ஒரு டப்பா அல்வாவும், பெண்கள் உடுத்தும் புதுக் காங்காத் துணி ஒரு ஜோடியும் எடுத்து நீட்டினார்.

"வீட்டுல குடுங்க ஐயா. எங்கம்மா குடுக்கச் சொன்னாங்க."

அடப்பாவி! லஞ்சம் வாங்குகிற ஆளா என்று சோதிக்கிறான்! மக்காமே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இதெல்லாம் என்கிட்ட நடக்காது."

"ஒரே ஒரு துண்டு அல்வா..."

"ஒரு துளிகூட எடுக்கமாட்டேன். எடுத்து உள்ள வைங்க!"

சிராஜியின் முகம் வாடியது. பஸ் நிலையம் வரை தலையைத் தொங்கப்போட்டே வந்தார். தேர்வில் தேறினோமா, தோற்றோமா? நேர்மையாகத்தானே நடந்துகொண்டோம், பின்னே ஏன் இந்த மனுஷன் எழவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வருகிறார்?

பஸ் நிலையத்தில் ரிசிக்கி அக்காவின் கடை முன்னால் சிராஜி நின்றார். மக்காமேவின் கையை இறுகப் பற்றினார்.

"மாமா."

மாமாவா?

"நீங்க போட்டதெல்லாம் சாப்பிட்டேன். வௌவாலுக்கு நடுவுல நின்னேன். எல்லாம் நல்லபடியா முடியும்னு உங்க வாயாலயே சொன்னீங்க. அப்புறம் எதுக்கு அல்வாவ வேணாம்னு சொன்னீங்க? பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா காலைலயே சொல்லியிருக்கலாமே!"

"எந்தப் பொண்ணு? எனக்கு மூணும் பசங்கதானே!" மக்காமே அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா... நீங்க டார் ஆபீசர் இல்லையா?"

"நான் தையக்காரன். பொண்ணோட தாய்மாமன் பஸ்ஸுக்கு வருவார், எது குடுத்தாலும் வேணாம்னு சொல்லாதே, கல்யாணப் பேச்ச நீயா எடுக்காதேன்னு எங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்க."

ரிசிக்கி அக்கா டீ ஆற்றுவதை நிறுத்தினாள்.

"அதத்தானே காலைல கத்தினேன், நின்னியா? வெள்ளைச் சட்டையில ரெண்டு பேர் இறங்கினாங்க. பொண்ணோட மாமன் ஷெகூவே. அவர் இன்னொரு வெள்ளைச் சட்டையை மாப்பிள்ளைன்னு தூக்கிட்டுப் போயிட்டாரு. ஆட்டை அறுத்து, ஊரையே சுத்திக்காட்டி, சாயங்காலம்தான் ஆள் யாருன்னே கேட்டிருக்கார். இப்ப இந்தத் தம்பியத் தெருத்தெருவாத் தேடிக்கிட்டிருக்கார்."

சிராஜி அல்வா டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மக்காமே டீக்கடைப் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த ஆபீசர்? மார்க்கு?"

"அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாரு. பத்துக்குப் பத்து! இங்கதான் டீ குடிச்சிட்டே எழுதினாரு, எனக்குப் படிச்சுக்கூடக் காட்டினாரு: 'பேர்கூடக் கேக்காம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விருந்து வைக்கிற ஊருக்கு, சம்பளம் குடுத்து ஒரு வழிகாட்டி எதுக்கு?'"