துணிக்கம்பத்தில் இரண்டு கம்பெனி

மண்டி மொஹல்லா,
மைசூரு.

அன்புள்ள மச்சினன் தொட்டையனுக்கு, உன் அக்காள் பாப்பாத்தியின் புருஷன் காளியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் மகள் தீபாவும் சௌக்கியம். ஹனூரில் நீயும் உன் குடும்பமும் மஞ்சள் காடும் சினை மாடும் சுகமாக இருக்க மாதேஸ்வரன் துணை நிற்கட்டும்.

நிற்க. நெட் கம்பெனிக்காரர்கள் இருவர் மாறி மாறி வந்து உயிரை வாங்குகிறார்கள், 5ஜி பெட்டி வைப்பதா, டிஷ் வைப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து நிதானமாகப் படி.

எங்கள் சந்தில் சாக்கடைக்குத் தோண்டியதில் வீட்டுக்கு வந்த நெட் வயர் அறுந்துபோனது. தீபாவுக்குப் பாதி நாள் ஹெப்பாள் ஆபீஸ், மீதி நாள் வீட்டிலேயே வேலை, நெட் இல்லாவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நான் 5ஜி கம்பெனிக்குப் போன் செய்தேன், எனக்குத் தெரியாமல் உன் அக்காள் டிஷ் கம்பெனிக்குப் போன் செய்தாள், இரண்டு ஆட்களும் ஒரே காலையில் மொட்டைமாடி ஏறிவிட்டார்கள். மாடியில் இருப்பதோ ஒரே கம்பம், அதுவும் வீட்டுக்காரம்மா சித்தம்மா துணிக்கொடி கட்டியிருக்கும் கம்பம். 5ஜிக்காரன், "டிஷ் பேடா, வேண்டாம் சார். அது மலை மேல இருக்கிற டவரையே பாத்துட்டு இருக்கணும், நடுவுல காக்கா உக்காந்தா போச்சு" என்றான். டிஷ்காரன் விடுவானா? "இவங்க டவர்ல மொஹல்லாவே தொங்குது சார். சாயங்காலம் எல்லாரும் கிரிக்கெட் போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது. இன்னும் கொஞ்ச வருஷத்துல டவரே இருக்காது, ஆகாசத்துலேர்ந்து நேரா போனுக்கு வரும்" என்றான். "அதுக்குள்ள நாங்க 6ஜியே குடுத்துடுவோம்" என்றான் முதல் ஆள். இருவரும் எதிர்காலத்துக்குச் சண்டை போட்டார்கள், எனக்கு அன்று சாயங்காலத்துக்கே நெட் இல்லை. கடைசியில் ஒரே கம்பத்தில் மேலே ஒருவன், கீழே ஒருவன் மாட்டிவிட்டுப் போனான், பாரம் தாங்காமல் கம்பம் சாய்ந்தது, மலையைப் பார்க்க வேண்டிய டிஷ் பக்கத்துத் தெரு பேக்கரியைப் பார்க்க ஆரம்பித்தது. மிஞ்சியது 5ஜி.

ஞாயிற்றுக்கிழமை, தீபாவுக்குப் பார்த்திருக்கும் குண்டலுபேட்டைப் பையன் கவின்ராஜ் வீடியோவில் வந்தான். ஃபின்லாந்தில் வேலை, வரப்போகிற 6ஜிக்கு ஆராய்ச்சி செய்கிறானாம். எந்த வரனுக்கும் முகம் கொடுக்காத தீபா, இவன் ஒருவனை மட்டும் பார்க்கிறேன், ஒரே தடவைதான் என்று சொல்லியிருந்தாள். அதனால் டிவியிலேயே பெரிதாகப் போட்டு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். பையன் வணக்கம் சொன்னான், வாயைத் திறந்தான், திறந்தபடியே நின்றுவிட்டான். ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, தும்மப் போகிறவன் மாதிரி. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "பையன் பரவால்ல. காதுதான் ரெண்டும் நம்ம மாடி டிஷ்ஷாட்ட இருக்குது." உன் அக்காள், "காத விடுங்க. அந்த முடி கல்யாணம் வரைக்கும் தாங்குமானு பாருங்க" என்றாள். "தாங்காட்டி தலப்பா கட்டிக்கலாம்" என்றேன் நான்.

அப்போது அந்த அசையாத வாயிலிருந்து சத்தம் வந்தது. "மாமா, படம்தானுங்க நின்னுபோச்சு. பேசறதெல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்குதுங்க."

உன் அக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். பெண்ணுக்கு வந்த ஒரே நல்ல இடத்தை நானே வாயால் கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பையன் மட்டும் சாவகாசமாக, "பெட்டிக்கு முன்னால ஈரமா ஏதாச்சும் தொங்குதுங்களா மாமா? ஈரம் இருந்தா சிக்னல் வராதுங்க" என்று கேட்டான். தப்பித்தால் போதும் என்று மாடிக்கு ஓடினேன். சித்தம்மா மூன்று கம்பளியைத் துவைத்துச் சரியாகப் பெட்டியின் மூஞ்சிக்கு முன்னால் போட்டிருந்தார். நான் ஒன்றை ஒதுக்க, அவர் திரும்ப இழுத்துவிட, என் கம்பம், என் கொடி, என் வெயில் என்று கன்னடத்தில் எனக்கு ஒரு பாட்டு நடந்தது.

நனைந்த சட்டையோடு கீழே வந்தால், தீபா கையிலிருந்த போனிலேயே அவனைக் கூப்பிட்டு, ஜன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாயிற்று. பேசி முடித்துவிட்டு, "சரிப்பா, மேல பேசுங்க" என்றாள். அவனிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். "நீங்க பேசினது அத்தனையும் கேட்டுட்டும் கட் பண்ணாம இருந்தாரேப்பா, அதுதான்" என்றாள்.

மறுநாள் கவின்ராஜே என்னைக் கூப்பிட்டான். உங்கள் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள், 5ஜியா, டிஷ்ஷா என்று கேட்டேன். "எங்கூட்டுல வயருதானுங்க மாமா" என்றான். 6ஜி செய்கிறவனே வயரை நம்புகிறான். ஆகவே தொட்டையா, அந்த இரண்டு பேரையும் வாசலோடு அனுப்பிவிடு. யார் என்ன இனாம் காட்டினாலும் மயங்காதே.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. நிச்சயத்துக்கு நாள் பார்த்ததும் சொல்லி அனுப்புகிறேன், குடும்பத்தோடு ஒரு வாரம் தங்குகிற மாதிரி வா.

இப்படிக்கு உன் மச்சான்,
காளியப்பன்.

பின்குறிப்பு: சொந்தக்காரர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் எனக்கு ஒரு வருஷம் நெட் இலவசம் என்றார்கள், இரண்டு கம்பெனியும். இரண்டிலும் உன் பெயரைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை காலை வருகிறார்கள், எங்கேயும் போய்விடாதே.