மன்னிப்புக் கேட்க மாட்டேன்: ரிப்பீட்டர் இணைப்பு விஷயமாக

போர்ட்லண்ட்,
ஜனவரி 19

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் தலைவரும், என் மனைவி மார்ஜின் அண்ணனுமாகிய அலிஸ்டர் மச்சான் அவர்களுக்கு, டெஸ்மண்ட் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் சுகம், நம் ஊர் ஜனவரிக் கோடை வெயில்தான் தாங்கவில்லை. அங்கே உங்கள் வீட்டில் ஆன்டெனாவும் மூட்டுவலியும் எப்படி இருக்கின்றன?

குன்றின் மேலுள்ள ரிப்பீட்டரை நான் இணையத்தோடு இணைத்தது குற்றம் என்றும், வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் மன்னிப்புக் கேட்காவிட்டால் என்னைச் சங்கத்திலிருந்து நீக்குவதென்றும் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன். இருபத்தாறு வருஷமா அந்தச் சங்கத்துல இருக்கேன், அதை விட்டா எனக்குப் போக வேற இடமில்ல, அது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் கேக்க மாட்டேன்.

நம்ம கை ரேடியோவுல பேசினா, குன்று மேல இருக்குற அந்த ரிப்பீட்டர் பெட்டி அதைப் பிடிச்சு ஊர் முழுக்க வீசுது, சரி. ஊர்ல பேச யாரு இருக்கா? நீங்க, நான், மார்ஜ், காது கேக்காத பெர்சி. மழை இல்லைன்னு நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி முடிச்சாச்சு. அதான் கம்பி இழுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணை மாட்டி, இணையம் வழியா மத்த நாட்டு ரிப்பீட்டர்களோட சேர்த்தேன். முதல் நாள் தெரியாம ரெண்டு தடவை சேர்த்துட்டேன், ஒத்துக்கறேன், மார்ஜோட குரல் ஸ்காட்லாந்து போயி அவகிட்டயே திரும்பி வந்து, "யாருடி நீ, என்னை மாதிரியே பேசுற?"ன்னு அவளே அவளை அதட்டினா. அடுத்த வாரம் உங்க இருமல் ஃபின்லாந்துல முப்பது பேர் பேசிக்கிட்டிருந்த இடத்துல போய் விழுந்து, அங்க ஒரு டாக்டர் தேன் குடிக்கச் சொன்னார். குடிச்சீங்க, சரியாச்சு. ஒரு நன்றி சொன்னீங்களா?

போன ஞாயிறு காலையில சங்கத்து ஆளுங்க ரேடியோவுல வரிசையா ஆஜர் சொல்லிக்கிட்டிருந்தப்ப, கடலுக்கு அந்தப் பக்கம் ஆல்பனியிலேருந்து ஐரிஸ்னு ஒரு அம்மா மரியாதையா தன் லைசென்ஸ் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர். கோடையில கடல் மேல சூடான காத்து படுத்தா, ரேடியோ அலை அதுல வழுக்கிக்கிட்டே அங்கேருந்து இங்க வரும்னு வானிலைப் படத்தை வச்சுக்கிட்டுப் பதினோரு கோடையா காத்துக் கிடக்கீங்களே, ஒரு தடவையாவது ஆல்பனி வந்துச்சா? என் கம்பி ஒரே நாள்ல கொண்டாந்துச்சு. நீங்க என்ன செஞ்சீங்க? சட்டப்படி உங்க அழைப்புக்குறியைச் சொல்லிட்டு, "இது ரேடியோ இல்ல, டெலிபோன். இவ்வளவு தெளிவா கேக்குறதே ஏமாத்து வேலை. ஃபோனை வைம்மா"ன்னு விரட்டுனீங்க. அந்தம்மா பாவம், "நீங்களும் தெளிவா கேக்குறீங்க, நன்றி"ன்னுட்டுப் போயிட்டாங்க. இப்ப மன்னிப்புக் கேக்க வேண்டியது யாரு?

உங்க மனைவி ஹேஸலுக்கும் நாய்க்கும் என் அன்பு. நீங்க நூறு வயசு நல்லா இருங்க, என் கம்பியிலேருந்து கொஞ்சம் தள்ளியே இருங்க.

இப்படிக்கு,
வளைஞ்சு குடுக்காத,
டெஸ்மண்ட்

பி.கு.: நீங்க கம்பியைப் பிடுங்கிடக் கூடாதேன்னு இன்னிக்குப் பூட்டுப் போடக் குன்றுக்குப் போனேன். கம்பியைக் காக்கட்டூ கிளிங்க மூணு துண்டாக் கடிச்சுப் போட்டிருக்கு. போன வாரம் வியாழக்கிழமையே இணைப்பு செத்துடுச்சுன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு. ஐரிஸ் வந்தது அதுக்கப்புறம், ஞாயித்துக்கிழமை. என் கம்பியில வரல, மச்சான். நீங்க காத்துக் கிடந்த மாதிரியே கடல் மேலதான் வந்தாங்க. எனக்குச் சிரிப்பு வரணும், வரல. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் அழைப்புக்குறி சொல்லியாச்சு, தெளிவா கேக்குதுன்னும் சொல்லியாச்சு, அதனால தொடர்பு செல்லும். பதிவேட்டுல எழுதிக்கோங்க. என்ன பேசினீங்கன்னு எழுதுற இடத்துல, "ஃபோனை வைம்மா."