இஞ்சித் தாலி

நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் எமர்ஜென்சி அக்கா அளவுக்குப் பயப்பட, வளைகுடா முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். லிஃப்டில் ஏறுமுன் கைப்பையில் விசில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஜூலை மாத வெயிலில் நின்றுகொண்டு, திடீரென்று மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று கேட்பார். ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். சொந்த ஊர் பாளையங்கோட்டை.

அந்தக் கோடையில் அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதமாக அக்கா தூங்கவில்லை. கணவர் கண்ணை மூடினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார்.

"இவள எங்கயாவது கூட்டிட்டுப் போங்கம்மா. நான் கொஞ்சம் நிம்மதியா மூச்சு விட்டுக்கிடுதேன்" என்றார் கணவர் எங்களிடம்.

துபாய் தேராவில் ஒரு ஹோட்டலில் ரஷ்ய நீராவிக் குளியல் இருந்தது. புதன்கிழமை காலை பெண்களுக்கு மட்டும். அக்காவோடு சேர்த்து நான்கு பேர் போனோம். வாசலில் ஆறடி உயர ரஷ்யப் பெண் ஒருத்தி, அக்காவின் தாலிச் சங்கிலியைச் சுட்டிக்காட்டினாள்.

"நோ கோல்ட். ஹாட்! பர்ன்!"

"கழட்ட மாட்டேன். அவர் இருக்கிற நெலமையில கழட்டச் சொல்லுதாளே!" அக்கா சங்கிலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நாங்கள் மற்ற மூவரும் தாலியை என்றோ பேங்க் லாக்கரில் வைத்துவிட்டவர்கள்.

ஊரில் தாலிச் சங்கிலி பட்டறைக்குப் போகும் நாளில் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொள்வார்களே, அது எனக்கு நினைவுக்கு வந்தது. அக்காவின் பையைக் கொட்டினோம். தீக்காய மருந்து, குளுக்கோஸ், ஊசி, நூல்கண்டு, மூன்று டார்ச். மஞ்சள் மட்டும் இல்லை. அங்கிருந்த தேநீர் மேஜையில் இஞ்சி இருந்தது.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான் அக்கா" என்றேன்.

அக்கா வீட்டுக்குப் போன் போட்டார். "ஏங்க, இஞ்சி செல்லுமா?"

விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தது எங்கள் நால்வருக்கும் கேட்டது. "செல்லும். நான் நல்லாத்தான் இருக்கேன். உள்ள போ."

இஞ்சியை நூலில் முடிந்து கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தார். "உள்ளங்கைய விரிக்கவே கூடாது, கேட்டியா?" அதனால் நான் உள்ளே போகவில்லை. கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

ரஷ்யப் பெண் அவர்கள் குளியல் வழக்கப்படி ஒரு கட்டு இலைகளை வெந்நீரில் முக்கி எடுத்து, அக்காவின் முதுகில் பளீரென்று அடித்தாள்.

"ஏ! வேப்பில அடிக்காளே! எனக்கென்ன பேயா புடிச்சிருக்கு?"

இரண்டாவது அடியில் கத்தல் குறைந்தது. ஐந்தாவதில், "தோள்பட்டையில இன்னும் ரெண்டு போடச் சொல்லுங்க" என்று குரல் வந்தது.

வெளியே வந்தவரின் கழுத்து இஞ்சிச் சாற்றில் சிவந்திருந்தது. சங்கிலியை எண்ணி வாங்குவதுபோல் கண்ணி கண்ணியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். ஓய்வறைப் பெஞ்சில் ஒரு நிமிடம் என்று சாய்ந்தார். தூங்கிவிட்டார்.

அவருடைய போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கணவர்தான். "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. ரொம்ப நேரமா போனக் காணும், அதான் பயந்துட்டேன்."

"தூங்குறாங்க."

"கொறட்டை விடுதாளா?"

"விடுறாங்க."

"கொஞ்சம் பக்கத்துல வைங்க."

ஈரத்தரையில் மண்டியிட்டு, போனை அக்காவின் முகத்தருகே பிடித்தேன். கை வலித்தது. மாற்றிக்கொள்ளவில்லை, அசைந்தால் விழித்துவிடுவார்.